கரடியாகிவிட்ட கொரில்லா

அன்புள்ள ஐயா,

பழைய ராட்சதப் படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த நாள் முதல், கொரில்லா வேடம் ஒன்றைச் சொந்தமாகத் தைக்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. மாறுவேடம் போட்டு வீடு வீடாகப் போகும் ஹாலோவீன் நெருங்குகிறது. 1933இல் வந்த கிங்காங் படத்தில் நடிகர் அணிந்திருந்த உடையை மாதிரியாக வைத்து, கறுப்பு ரோமத் துணி வாங்கி, என் அளவுக்கு வெட்டித் தைத்தேன். போட்டுக்கொண்டு வந்து நின்றால், "கரடி நன்றாக இருக்கிறது அப்பா" என்கிறாள் மகள். எங்கே கோட்டைவிட்டேன்?

எம்., நியூ ஜெர்சி

அன்புள்ள எம்.,

கிங்காங்கை மாதிரியாக வைத்ததில்தான் முதல் சிக்கல். 1933ஆம் ஆண்டுப் படத்தில் கொரில்லா உடை அணிந்து யாரும் நடிக்கவில்லை. சுமார் ஒன்றரை அடி உயரப் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு சட்டகமாகப் படம் பிடித்தார் வில்லிஸ் ஓ'பிரையன். பொம்மைக்குப் போர்த்தியது முயல் ரோமம். நகர்த்திய விரல்கள் பட்டு அது சிலிர்ப்பதைத் திரையிலேயே காணலாம்.

நீங்கள் பார்க்க வேண்டியவர் சார்லஸ் கெமோரா. பிலிப்பைன்ஸில் பிறந்து, ஹாலிவுட்டில் சிற்ப வேலை செய்து, பிறகு கொரில்லா வேடத்துக்கே பெயர்போனவர். நகைச்சுவை இரட்டையர் லாரல் - ஹார்டியின் 'ஸ்விஸ் மிஸ்' (1938) படத்தில், தொங்குபாலத்தில் பியானோவோடு அவர்கள் திண்டாடும்போது எதிரே வரும் கொரில்லா அவர்தான். அவர் அப்படியொன்றும் உயரமானவர் அல்லர். அவருடைய தோளையும் கையையும் கவனியுங்கள்.

ரோமத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் உடம்பைக் கட்டுங்கள். தலையை மூடும் பழைய பருத்திச் சட்டை ஒன்றில் ஸ்பாஞ்சுத் துண்டுகளை ஒட்டி, காதுக்குக் கீழிருந்து தோள் முனை வரை ஒரே சரிவாக இறக்குங்கள். கழுத்து என்று ஒன்று தெரியக் கூடாது. உச்சந்தலை கூம்பி நிற்கட்டும். வயிறு தாராளமாக இருக்கட்டும். கால்சட்டையின் கவட்டையை முழங்காலுக்குச் சற்று மேல்வரை இறக்கித் தைத்தால் கால்கள் குட்டையாகத் தெரியும். கையுறைக்குள் ஒரு கைப்பிடி வைத்து, பொய் விரல்கள் உங்கள் விரல்களைத் தாண்டி நீளும்படி செய்யுங்கள். இவ்வளவும் முடிந்ததும், ரோமம் இல்லாமலே கண்ணாடி முன் நின்று பாருங்கள். அப்போதே கொரில்லா தெரிய வேண்டும். 'ரோபோ மான்ஸ்டர்' (1953) எடுத்தவர்களிடம் இயந்திர மனிதன் உடை செய்யக் காசில்லை. சொந்தமாகக் கொரில்லா உடை வைத்திருந்த ஜார்ஜ் பாரோஸை அழைத்து, தலையில் முக்குளிப்பவரின் கவசத்தை மாட்டிவிட்டார்கள். படம் படு அபத்தம். ஆனால் முகமே இல்லாத நிலையிலும் அந்த உடம்பு கொரில்லாதான். அதைக் கரடி என்று எந்தக் குழந்தையும் சொல்லாது.

ரோமத் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். துணியைத் திருப்பிப் போட்டு, பின்புற நெசவை மட்டும் பிளேடால் கீறுங்கள், முடி வெட்டுப்படாது. தைத்த பிறகு மூட்டில் சிக்கிய முடியைச் சீப்பால் வெளியே இழுத்துவிட்டால் தையல் மறைந்துவிடும். முடி எங்கும் கீழ்நோக்கி இருக்கட்டும், முன்கையில் மட்டும் மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி மேலே ஏற வேண்டும். மனிதக் குரங்குகளுக்கு அப்படித்தான். டார்வினே இதைக் குறித்திருக்கிறார். முழுவளர்ச்சி அடைந்த ஆண் கொரில்லாவின் மார்பில் ரோமம் இராது என்பதால் அங்கே கறுப்பு ரெக்ஸின் போதும்.

முகமூடி கடையில் வாங்கியதாக இருந்தாலும் குற்றமில்லை. கண் துளைகளைச் சற்றுப் பெரிதாக்கி, உங்கள் கண்ணைச் சுற்றி இமை வரை கறுப்புச் சாயம் பூசிக்கொள்ளுங்கள். முகமூடிக்கும் தோலுக்கும் நடுவே வெளுத்த வளையம் ஒன்று தெரிந்தாலே போதும், பட்ட பாடெல்லாம் வீண்.

உள்ளே வெந்துபோவீர்கள். தலையை அடிக்கடி கழற்றித் தண்ணீர் குடியுங்கள். செயற்கை ரோமம் சட்டென்று தீப்பிடிக்கும். வாசல்தோறும் மெழுகுவர்த்தி எரியும் பூசணிக்காய்கள் இருக்கும், விலகியே நடங்கள். வயிற்றுத் திணிப்பு மறைப்பதால் படிகளும் கண்ணுக்குத் தெரியாது. யாராவது ஒருவர் கூடவே வரட்டும்.