டியூப் ஏற்றியும் அடங்காத மடிநோய்: பழகிப்போனது மாடா, கிருமியா?

கேள்வி: வாழப்பாடி பக்கம் இரண்டு ஜெர்சி கலப்பின மாடுகள் வைத்திருக்கிறேன். போன ஈத்தில் ஒன்றுக்கு மடிநோய் வந்தது. மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் டியூப் வாங்கிக் காம்பில் ஏற்றினேன். இரண்டே நாளில் பாலில் வந்த திரி நின்றது, நானும் நிறுத்திவிட்டேன். இப்போது அதே காம்பில் மறுபடி திரிதிரியாகப் பால் வருகிறது. அதே டியூப் நான்கு போட்டும் கேட்கவில்லை. மாட்டுக்கு மருந்து பழகிவிட்டதா? வீரியமான ஊசி போடலாமா?

பதில்: மாட்டுக்கு மருந்து பழகாது. மாறியிருந்தால் அது மடிக்குள் இருக்கும் பாக்டீரியாதான். நோயுள்ள ஒரு காம்பில் அவை கோடிக்கணக்கில் இருக்கும். பெருகும்போது மரபணுவில் நேரும் பிழைகளில் ஏதோ ஒன்று மருந்தைத் தாங்கும் திறனைக் கொடுத்துவிடுகிறது. அந்தப் பிழையை உண்டாக்குவது மருந்து அல்ல. மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, உயிர்தப்பியது தனிக்காட்டு ராஜாவாகப் பெருகுகிறது. திரி நின்றால் அழற்சி தணிந்தது என்றுதான் பொருள், கிருமி தீர்ந்தது என்றல்ல.

கறப்பவர் கை வழியாகப் பரவும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, பெனிசிலின் மூலக்கூறில் உள்ள வளையத்தை உடைக்கும் நொதியைச் சுரக்கக்கூடியது. அப்படிப்பட்ட வகை இருக்கும் மடியில் பெனிசிலினை விட்டு ஆம்பிசிலினுக்கோ அமாக்சிசிலினுக்கோ மாறுவதில் பயனில்லை. மூன்றும் ஒரே குடும்பம், அதே நொதிக்கு அவையும் உடையும். அந்த நொதியை முடக்கத்தான் அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்க்கிறார்கள். அட்டைப்பெட்டியின் நிறத்தைப் பார்த்து மருந்து மாற்றுபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். சாணத்திலிருந்து வரும் ஈ.கோலை இன்னொரு ரகம். தாங்கும் மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் ஏற்றி, பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடும்.

ஆனால் உங்கள் மாட்டுக்கு இதுதான் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். ஸ்டஃபைலோகாக்கஸ் மடித்திசுவில் சிறு கட்டிகளுக்குள்ளும் உயிரணுக்களுக்குள்ளும் ஒளிந்துகொள்ளும். ஆய்வகத்தில் வேலை செய்யும் மருந்து அங்கே போய்ச் சேராது. காம்புக்கு மேலே கெட்டியாக, முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டால் இந்தச் சந்தேகம் வலுக்கும். டியூப் முனை சுத்தமில்லாமல் அடிக்கடி ஏற்றினால் ஈஸ்ட் பூஞ்சையும் புகும். அதற்கு எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காது.

அதனால் அடுத்த டியூபுக்கு முன் பால் பரிசோதனை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காம்பைத் துடைத்து உலர்த்தி, நுனியை 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் தேயுங்கள். முதல் மூன்று நான்கு பீச்சுகளைத் தனிப் பாத்திரத்தில் கறந்துவிட்டு, கிருமிநீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்து 5 முதல் 10 மி.லி. எடுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் பட்டாலே முடிவு கெடும். குப்பியை ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். கடைசி டியூப் போட்ட தேதியைக் கட்டாயம் சொல்லுங்கள். மருந்து மிச்சமிருந்தால் கிருமி இருந்தும் ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டில் வளராது. உங்கள் பகுதி கால்நடை மருத்துவர் வழியாகத் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். முடிவுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

காய்ச்சல், தீனி எடுக்காமை, தண்ணீராகப் பால், காது சில்லிடுதல் இருந்தால் முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரையோ கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-ஐயோ அழையுங்கள்.

வீரியமான ஊசியை நீங்களாக வாங்கவே வேண்டாம். செஃப்ட்ரையாக்சோன் போன்றவை மனிதர்களின் கடும் தொற்றுக்கும் தேவைப்படுபவை. மனிதருக்கு வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கான கோலிஸ்டினை, உணவுக்கான கால்நடைகளில் பயன்படுத்த 2019-லேயே இந்தியா தடை செய்துவிட்டது.

மருந்து போட்ட மாட்டின் பாலை, லேபிளில் உள்ள நாள் முடியும்வரை சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். லேபிளில் இல்லையென்றால் விதிப்படி குறைந்தது 7 நாள். காய்ச்சினாலும் மருந்து முழுதாகப் போகாது. அந்தப் பாலில் தயிர் சரியாக உறையாததற்கும் அதுவே காரணம். கன்றுக்கும் ஊட்டாதீர்கள். கன்றின் குடலில் மருந்தைத் தாங்கும் கிருமிகள் பெருகி, சாணம் வழியாகத் தொழுவத்துக்கே திரும்பும்.

பரிசோதனை முடிவு வரும்வரை நல்ல மாட்டை முதலில் கறந்து, இந்த மாட்டைக் கடைசியில் கறவுங்கள். கறந்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் முக்கி எடுத்து, உடனே தீனி வையுங்கள். காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும், அதுவரை மாடு படுக்கக் கூடாது.