நிலம்பூர் தேக்குக்கு ஏன் இவ்வளவு பேர்? அந்த ஊரின் வரலாறு என்ன?

மரக்கடைப் பலகைகளில் ‘நிலம்பூர் தேக்கு’ என்று பார்க்கும் பலர், அது காட்டில் தானாக முளைத்து வளர்ந்த மரம் என்றே நினைக்கிறார்கள். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இருக்கும் நிலம்பூருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நட்டு வளர்த்த தேக்கு. அங்கிருந்த காட்டுத் தேக்கைப் பெரும்பாலும் வெட்டித் தீர்த்த பிறகுதான் நடவே ஆரம்பித்தார்கள்.

நான் நீலகிரிக் கூடலூர்க்காரன். நாடுகாணியிலிருந்து மலை இறங்கினால் வழிக்கடவு, அதைத் தாண்டினால் நிலம்பூர். எங்களுக்குக் கோவையைவிட அது பக்கம். சின்ன வயதிலிருந்து போய்வந்த ஊர் என்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் காடு எப்படிக் காலியானது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நிலம்பூர் உள்ளிட்ட வடகேரளப் பகுதியான மலபார் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்குத் தேக்கு ஏராளமாகத் தேவைப்பட்டது. இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிப் போயிருந்தது. 1806-இல் கேப்டன் வாட்சன் என்பவரைக் காடுகளுக்குப் பொறுப்பாளராக நியமித்து, தேக்கு வெட்டும் உரிமையைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது. காடுகளின் சொந்தக்காரர்களும் வியாபாரிகளும் கொதித்துப் போனார்கள். சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1823-இல் அந்தப் பதவியையே ஒழித்தார். அப்புறம் வியாபாரிகளுக்குத் தடையே இல்லை. ஆற்றோரத்தில் இருந்த நல்ல மரங்கள்தான் முதலில் போயின, இழுத்துவரும் செலவு குறைவு என்பதால்.

1840-இல் மலபார் கலெக்டராக வந்த எச். வி. கனோலி, வெட்டியதற்கு ஈடாக நட்டாக வேண்டும் என்று சென்னை அரசுக்கு எழுதினார். தேவஸ்வம் என்ற கோயில் நிர்வாகத்திடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் ஆற்றோர நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, 1842-இல் வேலையைத் தொடங்கினார்கள். விதை முளைக்கவில்லை. தேக்கங்காயைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். மேலே காகிதம் போல உப்பிய உறை. அதைக் கசக்கி எடுத்தால் பஞ்சு ஒட்டியது மாதிரி ஒரு தோல். அதற்குள் கல் போன்ற கொட்டை, அந்தக் கொட்டைக்குள்தான் விதை. காட்டுத்தீ பட்டால் முளைக்குமோ என்று விதைத்த இடத்தில் வைக்கோலைப் போட்டு எரித்துக்கூடப் பார்த்தார்கள். பலனில்லை.

இந்த இடத்தில் வருகிறார் சாத்து மேனன். கனோலியின் கீழ் வேலை பார்த்த உள்ளூர் அதிகாரி. கொட்டையை நன்றாக ஊறவைத்து, மழைக்காலத்துக்கு முன்பே நாற்றங்காலில் விதைத்து, வைக்கோல் மூடி, தினமும் சாயங்காலம் மெல்லத் தண்ணீர் தெளித்து ஈரம் போகாமல் காத்தார். சில வாரங்களில் முளை விட்டது. பருவமழையோடு நாற்றைப் பிடுங்கி நட்டார். 1844-இல் கிடைத்த இந்த வெற்றிதான் நிலம்பூரின் பிறப்பு என்பேன். 1862 வரை அவர் பொறுப்பில் பத்து லட்சத்துக்கும் மேல் கன்றுகள் நடப்பட்டன. தோட்டத்துக்கு இருப்பதோ கனோலியின் பெயர். கனோலியின் பங்கு பெரியதுதான், மறுக்கவில்லை. 1855-இல் கோழிக்கோட்டில், சிறையிலிருந்து தப்பி வந்தவர்கள் அவரை வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் மேனன் நட்டுக்கொண்டே இருந்தார். அவர் பெயரைப் பள்ளிப் புத்தகத்தில் நான் படித்ததே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். காடு திருத்திக் குழி வெட்டிய கூலிக்காரர்கள், ஆதிவாசிகள் பெயரையோ எந்தப் பலகையிலும் பார்த்ததில்லை.

மரத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்றால், மண். சாலியாறும் கரிம்புழையும் குறுவன்புழையும் மலையிலிருந்து கொண்டுவந்து படியவைத்த வண்டல். தேக்குக்கு ஆழமான, தண்ணீர் தேங்காத மண் வேண்டும். இந்த ஆற்றங்கரை அப்படிப்பட்டது. நெருக்கி நட்டு, வளர வளர இடையில் உள்ளவற்றை வெட்டிக் குறைத்துக்கொண்டே வருவதால், மிஞ்சுகிற மரம் கிளையில்லாமல் நெடுநெடுவென்று போகும். நீளமான, நேரான, பொன்னிறக் கட்டை. கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் பேப்பூரில் உரு என்ற பெரிய மரக்கப்பல் கட்டுபவர்கள் இதைத்தான் தேடிவருவார்கள்.

வெட்டிய மரம் கோழிக்கோடு போய்ச் சேர்ந்ததும் ஆற்று வழியாகத்தான். கட்டையின் முனையில் துளை போட்டு, சங்கிலி கோத்து, யானை ஆற்றோரம்வரை இழுத்துவரும். பச்சைத் தேக்கு கனம், தனியாக விட்டால் சரியாக மிதக்காது. அதனால் மூங்கிலைச் சேர்த்துக் கட்டித் தெப்பமாக்கி, சாலியாற்றில் தண்ணீர் ஏறும் காலத்தில் விடுவார்கள். ஆட்கள் கழியை ஊன்றியபடி கூடவே போவார்கள். போய்ச்சேரும் இடம் கோழிக்கோட்டின் கல்லாயி. ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய மரச்சந்தைகளில் அதுவும் ஒன்று.

அப்புறம் ரயில் வந்தது. ஷொர்ணூரிலிருந்து நிலம்பூருக்கு 66 கிலோமீட்டர் பாதை 1927-இல் முழுதாகத் திறந்தது, முக்கியமாக மரம் ஏற்றத்தான். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 1954-இல்தான் ரயில் திரும்ப ஓடியது. போர் மரத்தையும் விடவில்லை. பழைய தோட்டத்தின் ஒரு பகுதி போர்த் தேவைக்கு வெட்டப்பட்டது. 1846-இல் நட்டதில் இன்று பாதுகாத்து வைத்திருப்பது 2.31 ஹெக்டேர். கனோலி பிளாட் என்கிறார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் நாற்பது மீட்டருக்கு மேல் போகிற மரங்கள்.

ஊர் என்று பார்த்தால் தேக்குக்கு முன்பே நிலம்பூர் கோவிலகம் என்ற சிற்றரசர் குடும்பம் இருந்தது. கோழிக்கோட்டு அரசரான சாமூதிரிக்குக் கட்டுப்பட்ட அந்தக் குடும்பத்திடம் பரந்த காடுகள் இருந்தன. 1921 மாப்பிள்ளைக் கலகத்தில் கோவிலகம் தாக்கப்பட்டது. 1956-இல் மலபார் சென்னையை விட்டுக் கேரளாவோடு சேர்ந்தது. தனியார் காடுகளை 1971 சட்டத்தின் மூலம் கேரள அரசு எடுத்துக்கொண்டது.

மூங்கிலின் கதை எனக்குக் கோபம் வரவைப்பது. சாலியாற்றங்கரையில் மாவூரில் இருந்த குவாலியர் ரேயான்ஸ் என்ற செயற்கை இழைக்கான கூழ் ஆலைக்கு இந்தக் காடுகளின் மூங்கில் அடிமாட்டு விலைக்குப் போனது. ஆலைக் கழிவு சாலியாற்றில் கலந்தது. ஆற்றுக்காக மக்கள் பல வருடம் போராடினார்கள். 2001-இல் ஆலை மூடப்பட்டது. இதே காட்டின் உட்பகுதியில்தான் பாறைக் குகைகளில் வாழ்ந்துவந்த சோழநாயக்கர்கள் என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள். தேக்கு விற்ற வருமானத்தில் அவர்களுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியும் இந்த வரலாற்றில் சேர்ந்ததுதான்.

இன்று அருவாக்கோடு, நெடுங்கயம் மர டிப்போக்களில் வனத்துறை ஏலம் விடுகிறது. கட்டைகளை ரகம் பிரித்து அடுக்கி, வெட்டுமுகத்தில் எண் எழுதி வைத்திருப்பார்கள். தோட்டத்து மரத்தை ஐம்பது, அறுபது வருடத்தில் வெட்டிவிட்டு மறுபடி நடுவதால், இப்போது விற்பனைக்கு வருவது சாத்து மேனன் நட்ட மரமல்ல, அதற்கு அடுத்தடுத்த தலைமுறை. நிலம்பூர் தேக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நிலை, கதவுக்கு வாங்குகிறவர்கள் கடைப் பலகையை மட்டும் நம்பாமல், ஏல ரசீது இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

நேரில் போவதானால் ஷொர்ணூரிலிருந்து ரயிலில் போங்கள். தேக்கு மரங்களுக்கு நடுவில்தான் பாதை. கூடலூர் சாலையில், ஊரிலிருந்து நாலைந்து கிலோமீட்டரில், தேக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. வாசலிலேயே ஒரு தேக்கின் அடிக்கட்டையை வேரோடு பெயர்த்து வைத்திருக்கிறார்கள். மண்ணைப் பற்றி மேலே எழுதியதை அந்த வேரைப் பார்த்தால் ஒரு நொடியில் புரிந்துகொள்வீர்கள்.