‘ஆறுதல்’ என்ற சொல்லின் பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது?

‘ஆறு’ என்ற வினைதான் வேர். சூடு தணிவது அதன் முதற்பொருள். சோறு ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும். ஔவையார் ‘ஆறுவது சினம்’ என்றதும் இந்தப் பொருளில்தான். தெலுங்கிலும் கன்னடத்திலும் விளக்கு அணைவதற்கும் இதே வினைதான். மலையாளத்தில் ‘ஆறிய கஞ்சி பழங்கஞ்சி’ என்று நம் பழமொழியே வழங்குகிறது. ஆக, இது இரவல் சொல் அல்ல.

ஓடுகிற ஆற்றோடு முடிச்சுப் போட்டுச் சிலர் அழகாக விளக்கம் சொல்வார்கள். நம்ப வேண்டாம். நதி என்று பொருள்படும் ‘ஆறு’ வேறு சொல். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் இரண்டும் தனித்தனிப் பதிவுகள்.

ஆறு தன்வினை, ஆற்று பிறவினை, பேச்சில் ‘ஆத்து’. இங்கே மலேசியாவில், பினாங்கு லிட்டில் இந்தியாவில் தே தாரே (உயர இழுத்து ஆத்தும் பால் தேநீர்) ஆத்துகிறவரைப் பாருங்கள். ஒரு கை தலைக்கு மேலே, மறு கை இடுப்புக்குக் கீழே, நடுவில் கயிறு மாதிரி தேநீர். காற்றுப் படப்படச் சூடு இறங்கி நுரை கட்டும். ஆற்றுவது அவர், ஆறுவது தேநீர். துக்க வீட்டிலும் அப்படித்தான்: ஆற்றுவது நாம், ஆற வேண்டியது அவர்கள் மனசு. அதற்கு நேரம் பிடிக்கும். ‘எல்லாம் சரியாயிடும்’ என்று அவசரப்படுத்துவதை ஆறுதல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இந்தச் சொல்லில் எனக்கு உயிரான இடம் ‘பசியாறிட்டீங்களா?’ பசி வயிற்றில் எரிகிற தீ. அதை ஆற்றுவதுதான் சாப்பாடு. தமிழ்நாட்டு உறவினர்கள் ‘டிபன் ஆச்சா?’ என்பார்கள். மலேசியத் தமிழர் வீடுகளில் காலை விசாரிப்பே பசியாறல்தான். பிள்ளைகளிடமும் அப்படியே கேளுங்கள், விட்டுவிடாதீர்கள்.

‘ஆறுதல் தேறுதல்’ என்று ஏன் சேர்த்துச் சொல்கிறோம்? தேறுதல் என்றால் தெளிதல். தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கிய நீரில் விட்டால் அழுக்கு அடியில் படியும். அதன் பெயரும் இந்த வினையிலிருந்து வந்ததுதான். முதலில் கொதிப்பு அடங்கணும், பிறகு கலக்கம் தெளியணும். இந்த வரிசையை முன்னோர் யோசித்தே வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இளைப்பாறு, ஆற அமர, ‘மனசே ஆறல’ எல்லாம் இதே குடும்பம். ‘ஆற்றாமை’யில் மட்டும் கவனம்: அங்கே ஆற்றுதல் என்பது தாங்குதல்.