யார் உடம்பில் பழகுவது?

ஐயா,

நான் சேலத்தில் அறுவை சிகிச்சை மருத்துவர். பதினோரு ஆண்டுகளாக லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் நீண்ட கருவிகளையும் செலுத்திச் செய்யும் அறுவை, செய்கிறேன். ரோபோ அறுவை சிகிச்சை கற்கச் சென்னையில் ஒரு பயிற்சியில் சேர்ந்தேன். அங்கே சிமுலேட்டர் எனும் பயிற்சி எந்திரத்தின் முன் உட்காரவைத்து, திரையில் தெரியும் வளையங்களை ஆணிகளில் மாட்டச் சொல்கிறார்கள். எந்திரம் மதிப்பெண் போடுகிறது. நேற்று வந்த பையன் என்னைவிட அதிகம் வாங்குகிறான். ஊர் திரும்பியதும் ஏற்காடு போய் உட்கார்ந்து, விட்டுவிடலாமா என்று யோசித்தேன். இது கல்வியா, விளையாட்டா? எந்திரம் ஒருநாள் எங்களையே வெளியே அனுப்பிவிடுமா?

க., சேலம்

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் ஐந்து ரோடு பக்கம் ரோபோ அறுவை சிகிச்சைக்கான பெரிய பேனர் ஒன்றைப் பார்த்தேன். அந்தக் கருவியை இயக்கும் கை எங்கே, எதில் பழகிவிட்டு வந்திருக்கும் என்ற கேள்வி அன்றிலிருந்து மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. அதனால் உடனே எழுதுகிறேன்.

எந்திரம் உங்களை வெளியே அனுப்பாது. உங்கள் கை அசைந்தால் அது அசையும், நின்றால் நிற்கும். இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் விளையாட்டா என்று கேட்டீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

குகையில் எங்களுடையது தறி வீடு. அறுந்த இழையை முடிந்து சேர்க்க அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்தபோது, தறியில் ஏறிய பாவைத் தொடவிடவில்லை. கழிவு நூலைக் கையில் கொடுத்துத் திண்ணையில் உட்காரவைத்தார். முடிச்சு அச்சில் சிக்காமல் நழுவிப் போகும் அளவுக்குச் சிறிதாக வந்த பிறகே தறிப்பக்கம் சேர்த்தார். பட்டு முதலாளியுடையது, சேலையில் பழுது விழுந்தால் கூலியில் பிடித்துவிடுவார்கள்.

அதே வீட்டில் அம்மா ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து முன்னங்கையை ஆழமாகக் கிழித்துக்கொண்டாள். இலவச மருத்துவமனை ஒன்றுக்குக் கூட்டிப்போனோம். தையல் போட்டவர் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர். போட்டார், பிரித்தார், மறுபடி போட்டார். நெற்றியில் வழிந்த வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. "பதறாதே சாமி, மெதுவாகப் போடு" என்று அம்மாதான் அவருக்குத் தைரியம் சொன்னாள். அந்தத் தழும்பு கடைசிவரை மேடும் பள்ளமுமாக இருந்தது. அந்த இளைஞர் மீது எனக்கு வருத்தமில்லை. அவரைத் தனியாக அங்கே நிறுத்தியவர்கள் மீது இன்றும் ஆறவில்லை. பட்டு இழைக்கு இருந்த காவல் நெசவுக்காரியின் கைக்கு இல்லை.

"ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு" என்பது அறுவை சிகிச்சைக் கல்வியின் பழைய வாசகம். அப்படி முதன்முதலாகச் செய்து பார்த்தது பெரும்பாலும் யார் உடம்பில்? பணம் கொடுத்து வேறு மருத்துவரைத் தேட வழியில்லாதவர்களின் உடம்பில். நீங்கள் சிறுமை என்று நினைக்கும் அந்த வளையம் கீழே விழுந்தால் யாருக்கும் ரத்தம் வராது. எத்தனை முறை விழுந்தாலும் வராது. இப்படி ஓர் இடம் கிடைக்க ஏழைகள் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது!

நன்மை நிரூபணமாகியிருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். 2002-ல் வெளிவந்த யேல் பல்கலைக்கழக ஆய்வைத் தேடிப் படியுங்கள். பதினாறு பயிற்சி மருத்துவர்களில் ஒரு பாதியினரை லேப்ராஸ்கோப்பி சிமுலேட்டரில் பழக்கிய பிறகு, எல்லோரையும் உண்மையான பித்தப்பை அறுவையில் சோதித்தார்கள். சிமுலேட்டரில் பழகியவர்கள் 29 சதவீதம் வேகமாகச் செய்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு அதிகமாக இருந்தது. அந்தச் சூடு ஒரு மனிதரின் வயிற்றுக்குள் விழுகிறது, க.

மதிப்பெண் குறைந்ததற்கு வருவோம். லேப்ராஸ்கோப்பியில் உங்கள் கை இடப்பக்கம் போனால் உள்ளே கருவியின் முனை வலப்பக்கம் போகும். பதினோரு ஆண்டுகளாக அதற்குப் பழகிய கை உங்களுடையது. ரோபோவில் கை போகும் பக்கமே முனையும் போகும். அந்தப் பையனுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. லேப்ராஸ்கோப்பியின் நீண்ட கம்பி வழியாகவும் திசுவின் இறுக்கம் கொஞ்சம் உங்கள் விரலுக்கு எட்டும். டா வின்சி என்ற அறுவை ரோபோவின் பழைய மாடல்களில் அதுவும் எட்டாது. விசையை விரலுக்கு உணர்த்தும் கருவிகள் 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி 5-ல்தான் வந்தன. பழைய மாடல்களில் நூல் விறைப்பதையும் திசு வெளுப்பதையும் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணுக்கு அந்த வேலையைப் பழக்க நாளாகும். நோயாளியை மேசையில் கிடத்திவிட்டா அதைப் பழக்குவது?

மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து மனம் உடையாதீர்கள், அதைப் பிரித்துப் பாருங்கள். கருவிகள் எத்தனை முறை ஒன்றோடொன்று மோதின, எத்தனை முறை அளவுக்கு மீறி அழுத்தினீர்கள் என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவியின் முனை எவ்வளவு நேரம் திரைக்கு வெளியே இருந்தது என்று பாருங்கள். கண்ணில் படாத முனைதான் குடலைக் குத்தும். நேரக் கணக்கை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

சிமுலேட்டரோடு படிப்பு முடியாது என்பது உங்களுக்கே தெரியும். ரோபோவை நோயாளியோடு பொருத்துவது, உதவியாளரோடு பேசுவது, மூத்தவர் மேற்பார்வையில் செய்வது எல்லாம் பின்னால் வரும். அவற்றுக்கு இப்போது அவசரமில்லை.

ஏற்காட்டில் உட்கார்ந்து யோசித்தது போதும், க. அடுத்த வகுப்புக்குப் போங்கள். கேமராவை நகர்த்த உதவும் கால்மிதியை எப்போது அழுத்துகிறான், எப்போது விடுகிறான் என்று அந்தப் பையனிடமே கேளுங்கள். வயதில் சிறியவன் என்று கூச்சப்பட வேண்டாம். சொல்லித்தருவான்.

அன்புடன்.