பர்மா தமிழர் எல்லாரும் 1942ல நடந்தே ஊருக்கு போயிட்டாங்களா? போகாதவங்க என்ன ஆனாங்க?

நீங்க தமிழ்நாட்டுல இருந்து கேக்குறீங்கன்னு நெனைக்கிறேன், அராக்கான் மலை வழியா தாத்தா நடந்து வந்த கதை உங்க வீட்டுலயும் ஓடியிருக்கும். அது உண்மை தான். 1941 டிசம்பர் 23 ரங்கூன்ல குண்டு விழுந்ததுல இருந்து சுமார் அஞ்சு லட்சம் இந்தியர் கெளம்பினாங்க, காலரா, மலேரியா, பசின்னு வழியிலேயே பல்லாயிரம் பேரு செத்தாங்க. ஆனா பர்மாவுல அப்ப பத்து லட்சம் இந்தியர் இருந்தாங்களே, மிச்சம் பாதி? நான் அந்த மிச்சத்தோட பேரன், ரங்கூனுக்கு பக்கத்துல தன்லின் பக்கம், அப்ப சிரியம்பாங்க.

எங்க ஐயா போகாததுக்கு பெரிய காரணம் எல்லாம் இல்ல. அப்பத்தா நிறைமாசம், கப்பலுக்கு காசு இல்ல. மார்ச் 7ம் தேதி வெள்ளைக்காரன் சிரியம் எண்ணெய் ரிஃபைனரிய அவனே கொளுத்திட்டு ஓடினான், மறுநாள் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள்ள வந்துட்டான். நடுவுல கேக்க நாதியில்லாத நேரத்துல கொள்ளைக்காரனுங்க இந்தியர் வீடா பாத்து புகுந்தானுங்க. அப்பத்தா தமெய்ன் (பர்மாக்காரம்மாங்க கட்டுற லுங்கி) கட்டி மூஞ்சி பூரா தனகா (அவங்க பூசுற மரப்பட்டை சாந்து) அப்பிக்கிட்டு பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மா அடுப்படியில உக்காந்து நெல்லு பொடைச்சாங்களாம், வாயத் தொறக்கலையாம். (பர்மாக்காரங்க கெட்டவங்கன்னு நான் சொல்லவே இல்ல, காப்பாத்துனதும் அவங்க தான்.)

அப்புறம் மூணு வருஷம். அரிசிக்கு பஞ்சமில்ல, ஏத்துமதி நின்னு போய் எங்க பக்கம் நெல்லு கெடந்து மக்குச்சு. துணி தான் இல்ல. கோணிச்சாக்க பிரிச்சு பாவாடை தச்சு, அது உராஞ்சு உராஞ்சு இடுப்பெல்லாம் புண்ணு, இருந்த ஒரே நல்ல சேலைய அப்பத்தாவும் நாத்தனாரும் மாத்தி மாத்தி கட்டிக்கிட்டு தான் வெளிய போவாங்க. ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் ரோட்டு வேலைக்கு ஆள் புடிக்கிறாங்கன்னா ஐயா வைக்கோல் போருக்குள்ள ஒளிஞ்சுக்குவாரு.

1944 ஜனவரில நேதாஜி தன்னோட இந்திய தேசிய ராணுவத் தலைமையகத்த ரங்கூனுக்கு மாத்தின பிறகு நம்மாளுங்களுக்கு கொஞ்சம் தெம்பு, அவர் தலைமையில இருந்த இந்திய சுதந்திர லீக்ல பேரு இருந்தா ஜப்பான்காரன் சட்டுனு அறைய மாட்டான். அப்பத்தா காதுல கெடந்த தண்டட்டிய நிதிக்கு கழட்டிக் கொடுத்தாங்க. மனசார கொடுத்தீங்களா, வெக்கப்பட்டு கொடுத்தீங்களான்னு கேட்டா சிரிப்பாங்க. நேதாஜிய குறை சொல்றேன்னு கெளம்பி வந்துடாதீங்க, எங்க வீட்டுல அவர் படம் இன்னும் மாட்டியிருக்கு.

கேள்விக்கு சம்பந்தமில்லாட்டியும் இதையும் சொல்லிடுறேன். ஐயாவோட தம்பி நடந்து ஊர் போய் சேர்ந்தாரு. பின்னாடி எங்க அப்பா பரமக்குடி பக்கம் பூர்வீக வீட்டுல பங்கு கேக்க போனப்ப, "நாங்க காட்டுல செத்து பொழச்சு வந்தோம், நீங்க அங்க சொகுசா தானே இருந்தீங்க"ன்னு சொந்தக்காரங்க மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க. சொகுசாம்! 1945ல ஜப்பான் நோட்டு செல்லாது, ஐயா ட்ரங்கு பெட்டி நெறைய வெச்சிருந்தது புள்ளைங்க விளையாடத் தான் ஆச்சு. 1964ல அம்பது, நூறு க்யாட் (பர்மா காசு) நோட்டு செல்லாது. 1987ல 25, 35, 75 செல்லாது, அது எங்க அப்பா கடைக்காசு. மூணு தடவையும் நாங்க இங்க தான் இருந்தோம், அகதின்னு கூட எங்களுக்கு யாரும் கார்டு கொடுக்கல. பங்கு இன்னும் வரல, கேஸ் போட்டா வக்கீலுக்கே அதை விட ஜாஸ்தி ஆகும்னு அப்பா விட்டுட்டாரு.