கர்ப்ப காலத்தில் எம்எஸ் ஏன் அடங்குகிறது?

"மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்) நரம்பு நோய்தானே, அதில் ஹார்மோனுக்கு என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். கர்ப்ப காலத்தைப் பாருங்கள், விடை கிடைக்கும்.

இந்நோயில் டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் மூளைக்குள் புகுந்து, நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைச் சிதைக்கின்றன. கரு வளரும்போதோ, அதை அந்நியமென்று தாக்காதிருக்கத் தாயின் நோயெதிர்ப்பு தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் எஸ்ட்ரியால் ஹார்மோன் இதற்குத் துணைநிற்பதாகக் கருதப்படுகிறது.

ஐரோப்பாவில் எம்எஸ் உள்ள 254 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1998-இல் வெளியான ஆய்வில், கர்ப்பத்துக்கு முன் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.7 ஆக இருந்த நோய்த்தாக்குதல் (அறிகுறிகள் திடீரெனத் தலைதூக்குவது), கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் 0.2 ஆகக் குறைந்தது. பிரசவமானதும் எஸ்ட்ரியால் போன்ற கர்ப்பகால ஹார்மோன்கள் சட்டென்று வீழ்கின்றன. அடுத்த மூன்று மாதங்களில் தாக்குதல் விகிதம் 1.2! கைக்குழந்தையோடு தூக்கமின்றித் தவிக்கும் வேளையில் இது வருவதுதான் கொடுமை. மருந்தை மறுபடி எப்போது தொடங்குவது என்பதை நரம்பியல் மருத்துவரிடம் பிரசவத்துக்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள்.