அடியில் செங்ஹுவா முத்திரை இருந்தால் மிங் காலக் கிண்ணமா?

நீல-வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தின் அடியில் சீனாவின் மிங் வம்சத்துச் செங்ஹுவா பேரரசரின் ஆறெழுத்து முத்திரை இருக்கிறது, அதனால் 15ஆம் நூற்றாண்டுப் பொருள் என்கிறார் விற்பவர் என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, முன்பணம் மட்டும் இப்போது வேண்டாம். செங்ஹுவா ஆட்சிக்காலம் 1465–1487. ஆனால் இருநூறு ஆண்டு கழித்து, காங்ஷி பேரரசர் காலத்திலும், சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தெஜென்னின் குயவர்கள் அதே முத்திரையைத் தாராளமாக எழுதினார்கள். எல்லாம் ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. பழைய வேலைப்பாட்டின் மேல் அவ்வளவு மதிப்பு. போதாததற்கு, 1677இல் காங்ஷியின் பெயரைப் பாண்டங்களில் எழுதக் கூடாதென்று உள்ளூர் அதிகாரி தடை போட்டார்; அதனாலும் பழைய முத்திரைகளை எழுதினார்கள். ஜப்பானின் பீங்கான் ஊரான அரிதாவில் செய்தவற்றிலும் செங்ஹுவா முத்திரை உண்டு.

என்னைக் கேட்டால் முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள். கிண்ணத்தைக் கவிழ்த்து, கிளேஸ் (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) படாத அடிவளையத்தைப் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள். அப்புறம் விலையைப் பேசலாம்.